மன்றேறும் சிறார்க்குத் துணை யாவர்?

எழுத்தறியாதாரும் அறிந்த கதை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. திருவாரூர் மன்னன் ஒருவன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியொன்றைக் கட்டிவைத்தான் என்பதும், கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்து முறையிட்டது என்பதும், தன் மகனென்றும் பாராது அம்மன்னன் நீதி வழங்கினான் என்பதும் நாம் தொட்டிற் பருவத்திலேயே கேட்டவை. அரசனது செங்கோன்மையைப் புகழ்வதற்கே யாவரும் இக்கதையை எடுத்தாளுகின்றனர். நாமோ ஈண்டு வேறொன்றைக் கருதிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். அப்பசுவுக்கு மணி எட்டிற்று. எட்டியதனால் நீதியும் கிட்டிற்று. மணிக்கயிறு எட்டாத உயிரொன்று அன்று அத்தெருவில் அடிபட்டுக் கிடந்திருப்பின், அரசன் எத்துணை நல்லவனாயினும் யாது செய்திருப்பான்?

இக்காலத்தில் நம் நாட்டில் நீதி மணிகள் பல தொங்குகின்றன. குழந்தைகளைக் காப்பதற்கென்றே சட்டங்கள் உள, குழுக்கள் உள, தனி நீதிமன்றங்களும் உள. சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டிலேயே குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. ஆதலின் சட்டமில்லை என்று நாம் குறை கூறுவதற்கில்லை. குறை யாதெனின், துன்புற்ற குழந்தைக்கும் அதன் துன்பத்தைக் கேட்டு முடிவு கூறும் மன்றத்திற்கும் இடையே கிடக்கும் தூரமேயாம். அத்தூரத்தைக் குழந்தையின் கையைப் பற்றி உடன் கடக்கும் ஒருவர் வேண்டும். அவ்வொருவரை நம் போன்ற கல்லூரிகள் தருதல் வேண்டும். அதிலும் விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பகுதியிற் பிறந்து கல்வி பெற்ற நாம் இக்கடனினின்று நழுவ இயலாது. இக்கட்டுரையில் நாம் கூறக் கருதியது இவ்வளவே.

நம் பகுதியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இது வானம் பார்த்த கரிசற் பூமி. மழை பொய்த்தால் வாழ்வும் பொய்க்கும். 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதனின்று தீப்பெட்டியும், பின்னர்ப் பட்டாசும், அவற்றோடு அச்சுத் தொழிலும் இம்மண்ணில் வேரூன்றின. பஞ்சம் பிழைக்க ஊர்விட்டுப் போகவேண்டிய குடிகள் ஊரிலேயே உலை வைத்து உண்ண இத்தொழில்கள் இடந்தந்தன. இந்நன்றியை நாம் மறத்தல் தகாது.

ஆயினும், அவ்வுலைக்கு விறகாய் எரிந்தவற்றுள் நம் குழந்தைகளின் பிள்ளைப் பருவமும் ஒன்று என்பதை மறைத்தலும் தகாது. பல்லாண்டுக் காலம், விடியுமுன் கிராமங்கள்தோறும் வந்து நின்ற தொழிற்சாலை வண்டிகளில் தூக்கம் கலையாத சிறுவரும் சிறுமியரும் ஏற்றப்பட்டனர். கட்டை அடுக்கவும், பெட்டி ஒட்டவும், காகிதக் குழாய் உருட்டவும், திரி செருகவும் அவர்தம் விரல்கள் பயன்பட்டன. பெற்றோர் பெற்ற முன்பணத்திற்குப் பிள்ளையின் உழைப்பு ஈடாயிற்று. இது கொடுமை என்று எவரும் கருதாத அளவிற்கு வழக்கமாயும் போயிற்று.

இக்கொடுமை நாட்டின் உச்ச நீதிமன்றத்தை எட்டிய வகை நாம் கருதத்தக்கது. சிவகாசிக் குழந்தைகளின் பொருட்டு, எம். ஸி. மேத்தா என்னும் டில்லி வழக்கறிஞர் 1986-ஆம் ஆண்டில் மனுவொன்று தொடுத்தார். 1990-ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பில், உற்பத்தி நிகழும் இடத்திற் குழந்தைகள் வேலை செய்தல் கூடாதென்ற நீதிமன்றம், அவ்விடத்தினின்று அப்பாற்பட்ட இடத்திற் பெட்டியில் அடைக்கும் வேலையில் அவர்களை வைத்துக்கொள்ளலாம் என்று கூறியது. முதியோர் கூலியில் நூற்றுக்கு 60 பங்கேனும் அவர்க்குத் தரவேண்டும் என்றும் விதித்தது. அடுத்த ஆண்டிலேயே, 1991-இல், சிவகாசிப் பகுதிப் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் 39 பேர் மாண்டனர். செய்தித்தாளிற் கண்ட நீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. வழக்கறிஞர் சிலரைக் குழுவாக அமைத்து, உண்மை நிலையை அறிந்து கூறுமாறு பணித்தது. 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் வெளியான தீர்ப்போ முன்னதினும் வன்மையுடையதாயிற்று. அபாயத் தொழிலில் வைக்கப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியிற் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் முதியோர் ஒருவர்க்கு வேலை தருதல் அல்லது அந்நிதியில் 5,000 ரூபாய் சேர்த்தல் அரசாங்கத்தின் பொறுப்பு. குழந்தை பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பன அதன் கட்டளைகள்.

இவ்விரு தீர்ப்புக்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் ஆறு. மன்றத்தின் கண்ணாகவும் செவியாகவும் சிலர் சென்று கண்டு வந்து கூறியது இவ்விடைக்காலத்திலேதான். எங்கோ இருக்கும் நடுவர், தம் முன் வாராத குழந்தையைப் பிறர் கண்கொண்டே காணுதல் இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. மற்றொன்றும் ஈண்டு நினைக்கற்பாலது. இவ்வழக்கு ஆயிரக்கணக்கான சிறாரின் பொதுவழக்கு. அதிற் பெயரில்லை, முகமில்லை. பொதுவழக்கிற்குப் பேர்பெற்ற வழக்கறிஞர் கிடைத்தனர். தனியொரு குழந்தையின் தனிவழக்கிற்குக் கிடைப்பவர் யாவர்?

இன்றைய நிலையை நேர்மையோடு கூறுவோம். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தம் பெற்றபின், 14 வயது நிரம்பாதாரைத் தொழிலில் வைத்தலும், 18 வயது நிரம்பாதாரை வெடிமருந்து போன்ற அபாயத் தொழிலில் வைத்தலும் குற்றமாகும். உரிமம் பெற்று முறையாய் நடக்கும் ஆலைகளின் முன், பழைய நாளிற் போலச் சிறுவர் கூட்டத்தைக் காணுதல் அரிது. பள்ளிகள் பெருகின, பகலுணவும் உண்டு. இவை நாம் மகிழ்தற்குரியவை.

ஆயினும், ஆலைவாயிலை விட்டகன்ற துன்பம் வீட்டுவாயிலில் வந்து அமர்ந்துகொள்ளுதலும் உண்டு. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதின் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒவ்வொரு வெடிப்பின் பின்னரும் மாண்டாரை எண்ணுகின்றோம். இழப்பீட்டுத் தொகையைச் செய்தித்தாளிற் படிக்கின்றோம். மாண்டாருடைய பிள்ளைகள் எவர் வீட்டிற்குப் போயினர், எவர் கையால் உண்கின்றனர், எவர் கைக்கு அஞ்சுகின்றனர் என்பதை எத்துணை பேர் வினவுகின்றோம்? பாட்டியிடம் வளர்வது ஒன்று. சிற்றப்பன் வீட்டில் வேலைக்காரியைப் போல் வளர்வது மற்றொன்று. குடிகாரத் தந்தையோடு தனித்து வாழ்வது பிறிதொன்று. இழப்பீட்டுப் பணத்தின் பொருட்டுச் சிலநாள் போற்றப்பட்டுப் பின் புறக்கணிக்கப்படுவதும் கூடும்.

விருதுநகர் மண்ணிற் பிறந்த காமராசர் தம் ஆறாம் வயதிலே தந்தையை இழந்தார். அவர்க்குத் தாயும் பாட்டியும் மாமனும் துணையிருந்தனர். துணையிருந்தும் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. ஆயினும் அவர் சீரழிந்து போகவில்லை. பிற்காலத்தில் முதலமைச்சராகி, ஏழைச் சிறார் பள்ளியிற் பசியின்றி அமர வழி செய்தார். தந்தையை இழந்த பிள்ளைக்குக் கிடைக்கும் துணை எத்துணைப் பெரும்பயன் தரும் என்பதற்கு நம் மாவட்டம் வேறு எடுத்துக்காட்டைத் தேட வேண்டுவதில்லை. அத்துணையும் கிட்டாத பிள்ளையைப் பற்றியே நாம் பேசுகின்றோம்.

நாம் நேரிற் கண்டது ஒன்று உண்டு. சில ஆண்டுகட்கு முன், சொந்த அலுவல் ஒன்றின் பொருட்டு ஒரு நீதிமன்றத்திற்குச் சென்றிருந்தோம். தாழ்வாரத்தில் ஒரு மூதாட்டியும், பத்து வயதிருக்கும் ஒரு சிறுமியும் காலை முதல் அமர்ந்திருந்தனர். சிறுமி பள்ளிச் சீருடையில் இருந்தாள். அதுவே அவளிடம் இருந்த நல்லாடை போலும். நடுப்பகலில் ஒருவர் வந்து மூதாட்டியின் அருகே குந்தி அமர்ந்தார். ஒரே தெருவில் வாழ்கின்றோம், நாளை நன்மை தீமைக்கு ஒருவர்க்கொருவர் வேண்டும், பெண்பிள்ளையின் பெயரும் கெடும் என்று மெல்லிய குரலில் நெடுநேரம் பேசினார். மூதாட்டி விடை கூறவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மனிதரைக் கண்டதும் சிறுமி பாட்டியின் முதுகின் பின்னே நகர்ந்ததை நாம் கண்டோம். மாலையில் வழக்கு வேறொரு நாளைக்குத் தள்ளி வைக்கப்பட்டது என்றனர். “இன்னைக்கும் இல்லையா, அம்மாச்சி?” என்று மட்டும் அச்சிறுமி கேட்டாள். அவர்களது ஊரும் பேரும் நாம் கேட்டோமில்லை. அறிந்திருப்பினும் ஈண்டுக் கூறோம். நாம் என் செய்தோம் எனின், நம் அலுவலை முடித்துக்கொண்டு பேருந்தேறி வீடு சேர்ந்தோம். அவர்களருகே சென்று அமர்ந்திருக்கலாம். யாம் அமரவில்லை. இக்கட்டுரை எழுத நேர்ந்ததற்கு அதுவே காரணம்.

இத்தகைய குழந்தைக்குச் சட்டம் யாது தருகின்றது? இருவகை ஏற்பாடுகளை ஈண்டு விளக்குவோம். முதலாவது, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் அமைந்த குழந்தைகள் நலக் குழு. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட இக்குழு மாஜிஸ்டிரேட்டுக்குரிய அதிகாரம் உடையது. கைவிடப்பட்ட குழந்தை, கொடுமைக்குள்ளான குழந்தை, சட்டத்திற்கு மாறாக வேலையில் வைக்கப்பட்ட குழந்தை, பேண இயலாத பெற்றோரை உடைய குழந்தை ஆகிய யாவரும் பயண நேரம் நீங்க 24 மணி நேரத்திற்குள் இக்குழுவின் முன் கொண்டுவரப்படல் வேண்டும். குழந்தையின் குடும்ப நிலையை ஆராய்ந்து, அதனை வீட்டிற்கு அனுப்புவதா, உறவினரிடம் ஒப்படைப்பதா, இல்லத்திற் சேர்ப்பதா என்று குழு முடிவு செய்கின்றது. அன்றியும், குழந்தையின் சொல்லைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும் என்பது இச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று.

இரண்டாவது, பாலியல் கொடுமையினின்று குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம். போக்சோ என மக்கள் வழங்குவது. இச்சட்டம் குழந்தையின்பாற் காட்டும் பரிவு வியக்கத்தக்கது. வாக்குமூலம் பெற வரும் போலீஸார் சீருடை அணிந்து வருதல் கூடாது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ கேட்டல் வேண்டும். மன்றத்தில் வழக்கறிஞர் குழந்தையை நேரே வினவுதல் கூடாது. வினாக்களை நீதிபதியிடம் தர, அவரே குழந்தையைக் கேட்பார். குற்றஞ் சாட்டப்பட்டவரைக் குழந்தை காணாதவாறு செய்தல் வேண்டும். குழந்தை நம்பும் ஒருவர் மன்றத்தில் உடனிருத்தல் வேண்டும். மீண்டும் மீண்டும் சாட்சி சொல்ல அழைத்தல் கூடாது. கூடியவரையில் ஓராண்டிற்குள் விசாரணை முடிதல் வேண்டும். குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுதல் குற்றமாகும்.

இச்சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் ஆதரவு நபர் என ஒருவரைக் குறிப்பிடுகின்றன. நாம் அவரைத் துணைவர் என்று அழைப்போம். குழந்தையும் பெற்றோரும் இசைந்தால், புலனாய்வு தொடங்கி விசாரணை முடியும்வரை உடனிருக்கும்படி இவரைக் குழந்தைகள் நலக் குழு அமர்த்துகின்றது. வழக்கு எந்நிலையில் உள்ளது என்று குழந்தைக்கும் பெற்றோர்க்கும் விளங்கச் சொல்வது அவர் கடமை. குற்றஞ் சாட்டப்பட்டவரால் குழந்தைக்கு அச்சம் உண்டாயின் அதனை உரியவரிடம் எடுத்துரைப்பதும், குழந்தை எவ்வாறு சாட்சி சொல்ல விரும்புகிறது என்பதைத் தெரிவிப்பதும், மறைபொருளைக் காப்பதும் அவர் கடமைகளே. குழந்தையின் உடல்நிலை, மனநிலை, வீட்டுநிலை, படிப்பு ஆகியவற்றைக் குறித்துத் திங்கள்தோறும் குழுவுக்கு அறிக்கை தருதலும் வேண்டும். துணைவரைப் பிடிக்கவில்லையாயின் குழந்தை அவரை வேண்டாவென்று சொல்லலாம். அதற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. இவ்விதியை இயற்றினோர் குழந்தையின் உள்ளம் அறிந்தோர் என்றே நாம் கருதுகிறோம். பெரியோர் எவரையும் வேண்டாவென்று சொல்ல இயலாதிருந்த பிள்ளைக்கு, ஒருவரையேனும் அவ்வாறு சொல்லும் உரிமை ஈண்டுத்தான் கிடைக்கின்றது.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இதனினும் ஒருபடி மேற்சென்றது. துணைவர் வேண்டுமா வேண்டாவா என்பதைப் பெற்றோரின் விருப்பத்திற்கு விட்டுவிடலாகாது. இவ்வுதவி உண்டென்பதே பல பெற்றோர்க்குத் தெரியாது. ஆதலின் துணைவரை அமர்த்துதலே வழக்கமாதல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. விதி வந்தது, தீர்ப்பும் வந்தது. இனி வரவேண்டியவர் மனிதரே.

பிறநாட்டில் இம்முயற்சி தோன்றிய வகையும் நமக்குப் பயன்படும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துச் சிறார் நீதிமன்றத்தில் டேவிட் சூகப் என்பவர் நீதிபதியாயிருந்தார். புறக்கணிப்புக்கும் கொடுமைக்கும் ஆளான குழந்தைகளின் வாழ்வைக் குறித்து நாள்தோறும் முடிவு கூறவேண்டிய அவர்க்கு, போதிய செய்தி தம் முன் இல்லை என்னும் கவலை இருந்தது. அதிகாரிகள் தம் துறையின் சார்பிற் பேசினர். பெற்றோர் தம் சார்பிற் பேசினர். குழந்தைக்காக மட்டும் பேச ஒருவருமில்லை. ஊர்ப் பொதுமக்களுள் விருப்பமுடையாரைப் பயிற்றி, ஒருவர்க்கு ஒரு குழந்தை என ஒப்படைத்தால் என்னவென்று அவர் எண்ணினார். 1977-இல் தொடங்கிய அம்முயற்சி பின்னர் அந்நாடு முழுவதும் பரவிற்று. அத்தொண்டர்கள் குழந்தையை அடிக்கடி கண்டு, ஆசிரியரையும் மருத்துவரையும் உறவினரையும் வினவி, இக்குழந்தைக்கு நன்மை இது என்று நீதிபதிக்கு எழுத்தில் அறிவிக்கின்றனர்.

அங்கே தொண்டர் பெற்ற இடம் நம் நாட்டுத் துணைவர்க்கு முற்றும் இல்லை. போக்சோ வழக்கிற் சிக்கிய குழந்தைக்கே துணைவர் என்பது விதி. பட்டினி போடப்பட்ட குழந்தைக்கும், அடித்துத் துரத்தப்பட்ட குழந்தைக்கும், வெடிவிபத்திற் பெற்றோரை இழந்து உறவினர் கையிற் சிக்கிய குழந்தைக்கும் அத்தகைய தனித்துணை விதிக்கப்படவில்லை. அவர்களைக் கவனிக்க அலுவலர் உளர். அவர் உழைப்பை நாம் குறைத்துப் பேசோம். ஆயினும் ஓர் அலுவலர் பல குழந்தைகளைக் கவனிக்க வேண்டியவர். மாறுதல் வந்தால் வேறூர் செல்பவர். தாள்கள் மாறாது கைமாறும். குழந்தையின் நம்பிக்கை அவ்வாறு கைமாறுவதன்று. ஆதலின், குழந்தைகள் நலக் குழுவின் முன் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும், முதல் நாள் தொட்டு முடிவு வரை மாறாத ஒருவர் துணைநிற்றல் வேண்டும் என்பது நம் துணிபு. அதற்கு வேண்டும் சட்டத்திருத்தம் வரும்வரை காத்திராமல், இன்றுள்ள விதிகளின் எல்லைக்குள்ளேயே நாம் தொடங்குதல் கூடும்.

இதற்கு மூன்று தடைகள் கூறப்படும். வீட்டுச் செய்தியை மன்றத்திற்கு இழுத்தல் குடும்பத்திற்கு இழுக்கு என்பது முதலாவது. மானத்தைப் பெரிதெனக் கருதுவோர் நாம், அதனை மறுக்கவில்லை. ஆயினும் இழுக்கு, செய்தவனைச் சாருமா, பட்டவளைச் சாருமா? செய்தவன் தெருவில் நிமிர்ந்து நடக்க, பட்ட குழந்தை பாட்டியின் முதுகிற்குப் பின் ஒளிவதாயின், அத்தெருவில் மானம் எங்கே இருக்கின்றது? அறிந்தும் கூறாதிருத்தலைப் போக்சோ சட்டமே குற்றமென்கின்றது. அன்றியும், இத்தகைய கொடுமையைச் செய்பவர் பெரும்பாலும் குழந்தைக்கு அறிமுகமானவரே. வீட்டார், உறவினர், அண்டை அயலார் என்போரே. குடும்பமே காவல் என்னும் சொல் எல்லா வீட்டிற்கும் பொருந்துவதன்று.

இஃது அரசாங்கத்தின் கடமை, நம் கடமையன்று என்பது இரண்டாவது. அரசாங்கத்தின் கடமை என்பது உண்மை. அக்கடமையை நாம் ஏற்று அரசாங்கத்தை விடுவித்தல் தவறு. துணைவர்க்கு உரிய ஊதியமும் பயிற்சியும் தருமாறு கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். ஆயினும் அரசாங்கம் சம்பளம் தரலாம், கட்டிடம் தரலாம், பெற்றோரை இழந்தும் ஆதரவற்றும் உள்ள குழந்தைக்குத் திங்களுக்கு 4,000 ரூபாய் வரை நிதியாதரவு தரும் மிஷன் வாத்ஸல்யா போன்ற திட்டமும் தரலாம். அத்திட்டம் உண்டென்று அறியாத மூதாட்டியின் அருகே அமர்ந்து, விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, மறுமுறையும் உடன்செல்லும் அயலாரை அரசாங்கம் ஆணையிட்டு உண்டாக்க இயலாது.

மூன்றாவது தடையே உண்மையில் நம்மை அஞ்சச் செய்வது. நல்லெண்ணம் மட்டும் உடைய தொண்டர் நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்தல் கூடும் என்பது அது. இதனை நாம் முழுதும் ஒப்புக்கொள்கின்றோம். இரக்கத்தால், சாட்சியில் இன்னது சொல் என்று குழந்தைக்குக் கற்பிப்பவர், அவ்வழக்கையே கெடுத்துவிடுவார். நிச்சயம் நாம் வெல்வோம் என்று வாக்களிப்பவர், தீர்ப்பு மாறினால் குழந்தையின் நம்பிக்கையைக் கொல்வார். தாம் செய்த தொண்டைப் பிறரிடம் பெருமையாகக் கூறுபவர், குழந்தையின் மறையை ஊரறியச் செய்வார். இரண்டு திங்கள் வந்து மூன்றாம் திங்கள் மறைபவர், முன்னரே கைவிடப்பட்ட குழந்தையை மற்றொரு முறை கைவிடுவார். தொண்டர் வேடத்திற் புகும் தீயோரும் இலர் என்று சொல்லுதற்கில்லை. ஆகவேதான் பயிற்சி வேண்டும். முன்வாழ்வை ஆராய்தல் வேண்டும். குழுவின் மேற்பார்வை வேண்டும். குழந்தை வேண்டாவென்றால் விலகும் பணிவும் வேண்டும். துணைவர் வழக்கறிஞர் அல்லர், போலீஸார் அல்லர், தாயும் அல்லர். உடனிருப்பவர், கேட்பவர், கேட்டதை உரிய இடத்தில் உள்ளவாறு சொல்பவர். சிறிய வேலை போல் தோன்றும் இதனை ஓராண்டு, ஈராண்டு தளராது செய்தல் எளிதன்று.

இனி, இதற்கு முன்வரத்தக்கார் யாவர்? ஓய்வு பெற்ற ஆசிரியர் முதல்வராவர். குழந்தை பேசாதபோது காத்திருக்கும் வித்தையை முப்பதாண்டு பயின்றவர் அவர். வீட்டுப் பொறுப்புக் குறைந்த, கல்வியறிவுள்ள தாய்மார் அடுத்தவர். செவிலியர், அஞ்சல் அலுவலர், கூட்டுறவுச் சங்கத்திற் பணியாற்றி ஓய்ந்தோர் என நம் ஊர்களில் பலர் உளர். நம் பழைய மாணவருள்ளும் இத்தகையார் எத்தனையோ பேர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்குச் சென்று, துணைவர் பட்டியலிற் சேரும் தகுதியும் முறையும் யாவை என வினவுதல் அவர்க்கு முதற்படி.

கல்லூரியிற் பயிலும் இளையோர் உடனே துணைவராதல் இயலாது, ஆதலும் வேண்டா. ஆயினும் அவர் கற்றுக்கொள்ளத்தக்கன பல உள. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு பயிற்றும் சட்டத் தன்னார்வலர் வரிசையில் மாணவரும் சேரலாம். கிராமத்துக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடுகின்றதா என்று தம் ஊரிற் கேட்கலாம். 1098 என்னும் எண்ணைத் தம் தெருவிலுள்ள ஒவ்வொரு குழந்தையும் மனப்பாடமாக அறியச் செய்யலாம். வெடிவிபத்து நேர்ந்த ஊரில், மாண்டவர் வீட்டிற்கு முதல் வாரம் எல்லோரும் செல்வர். ஆறாம் திங்களில் ஒருவரும் செல்லார். ஆறாம் திங்களிற் சென்று, அப்பிள்ளைகள் பள்ளிக்குப் போகின்றனரா என்று மட்டும் கேட்டு வருதல் ஒரு மாணவனால் இயலாத செயலோ?

நம் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். சிவகாசிப் பக்கத்துக் கிராமத்துச் சிறுமியொருத்தி நீதி வேண்டினால், பேருந்தேறி அவ்வூர்க்கே செல்ல வேண்டும். அவ்வூர்ப் பெருமையோ, துளசி வனத்தில் எவருமின்றிக் கிடந்த ஒரு பெண்குழந்தையைப் பெரியவர் ஒருவர் கண்டெடுத்துத் தம் மகளாய் வளர்த்தார் என்னும் வரலாற்றின்மேல் நிற்பது. யார் பெற்ற பிள்ளையோ என்று அவர் வினவியிருந்தால், இம்மண்ணில் ஆண்டாள் இல்லை. சமயம் எதுவாயினும், இச்செய்தியில் நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றே. கண்டெடுத்தவர் கடந்து செல்லவில்லை, நின்றார், குனிந்தார், கையில் எடுத்தார்.

அன்று இருவர் கல்கத்தா சென்று தொழிலொன்றைக் கற்று மீண்டதால், இப்பகுதியின் வறுமை தீர வழி பிறந்தது. இன்று நம்மில் இருபதின்மர் இத்தொண்டைக் கற்றுத் திரும்பினால், இருபது குழந்தைகள் தாழ்வாரத்திற் தனித்து அமரமாட்டார்கள். பெருந்தொகையன்று என்று நகைப்பார் நகைக்கலாம். தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் அக்குழந்தைக்கு வேண்டியது ஒருவரே. மணிக்கயிறு அதன் கைக்கு எட்டவில்லை. நம் கைக்கு எட்டுகின்றது. எட்டியும் அசைக்காதிருந்தோம் என்னும் பழி நம் தலைமுறைக்கு வேண்டா.